நீலப் பெட்டிக்குப் பூசிய கிரீஸ்

செங்கொடி சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கரண்டியில்தான் சாப்பிடுவாள். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பெரிய இடத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் வேறு. மணலிப் பக்கம் ஒரு ஷெட்டில் அவளுக்கு வேலை. கம்பெனிகளிலிருந்து வரும் காலி டிரம்களும் கேன்களும் எண்ணெய் டின்களும் அங்கே மலையாகக் குவிந்து கிடக்கும். மேலே ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்ட வேண்டும். உள்ளே தேங்கிய கசடை வழித்தெடுக்க வேண்டும். காரத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். கழுவியது மறுபடி விலைக்குப் போகும். கழுவியவளின் கையில் மட்டும் அந்த வாடை தங்கிவிடும். எந்தச் சோப்புக்கும் அது மசியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ரசச் சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோனவளுக்குக் குடலே புரண்டு வந்தது. அன்று எடுத்ததுதான் கரண்டி.

எல்லாவற்றின் மேலும் அவளுக்கு ஓர் அருவருப்பு உண்டு. விடியற்காலையில் மணலியிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றம், ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இடிக்கும் தோள், கொசஸ்தலை ஆற்றின் மேல் மினுங்கும் எண்ணெய்ப் படலம், எதைக் கண்டாலும் "ச்சீ" என்பாள். அப்பா துறைமுகத் தொழிற்சங்கத்தில் சிவப்புக் கொடி பிடித்தவர். கோபப்படத் தெரிந்த பெண்ணாக வளரட்டும் என்றுதான் இந்தப் பெயரை வைத்தாராம். வளர்ந்ததும் கோபத்தைவிடக் குமட்டல்தான் அவளுக்கு அதிகம் வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தினி வாட்டிமே ச்சீன்னுவ?" என்பான் அவள் கணவன் சின்னப்பையன். பெயர்தான் சின்னப்பையன், ஆள் வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. லாரிகளுக்கு பாடி பெயின்ட் அடிக்கிறவன். பின்கதவில் தாமரை, கழுகு, கோடு, எழுத்து எல்லாம் அவன் கைவேலை. வியாசர்பாடியில் பிறந்த செங்கொடி அவனைக் கட்டிக்கொண்டுதான் எர்ணாவூர்ப் பக்கம் வந்தாள். எண்ணூர் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி ஒரு பஞ்சர் கடையின் மாடியில் அவர்களுக்கு ஒரே அறை. ஜன்னலுக்குக் கீழே கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குப் போக இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும்.

எதிர்வீட்டு ஜானட் சர்ச் சபையில் கிட்டார் வாசிப்பவள். சனிக்கிழமை மாலைகளில் அவள் பழகும்போது, லாரிகளின் உறுமலுக்கு நடுவே துண்டு துண்டாக அந்தச் சத்தம் வரும். செங்கொடிக்கு அருவருப்பில்லாமல் காதில் விழுந்தது அது ஒன்றுதான். ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"ஒரு தபா தொட்டுப் பாக்கட்டா?"

ஜானட் தயங்காமல்தான் கிட்டாரை அவள் மடியில் வைத்தாள். செங்கொடி தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள். மரத்தின் அதிர்வு வயிற்றுக்குள் இறங்கி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அவள் திருப்பிக் கொடுத்ததும் ஜானட் ஒரு மஞ்சள் துணியை எடுத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதக்கா. கையில எண்ணெய் இருக்கில்ல. கம்பி துருப்பிடிச்சிரும்."

எண்ணெய் பட்ட இரும்பு துருப்பிடிக்காது என்பது செங்கொடிக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கையை முகர்ந்து பார்த்தாள். ஜானட்டின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்னிடமிருந்தே அந்தக் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இனி யாருடைய சாமானையும் கேட்கப் போவதில்லை என்று அப்போது முடிவு செய்தாள்.

மறுவாரமே, சொந்தமாக ஒரு கிட்டார் செய்ய, ஷெட்டிலிருந்து ஒரு சதுர எண்ணெய் டின்னைக் கேட்டு வாங்கி வந்தாள். துறைமுகத்திலிருந்து கழித்துப் போட்ட சரக்குப் பலகையில் நீளமான ஒரு சட்டம் கிடைத்தது. அதைச் சின்னப்பையன் இழைத்துக் கொடுத்தான். உடைந்த குடைக் கம்பிகளை மெட்டுகளாக வெட்டி, கட்டை விரலால் அளந்து, காது சொன்ன இடத்தில் அவள் அதன்மேல் பதித்தாள். பாதி இடங்களில் காது தப்பாகச் சொன்னது. பிடுங்கி மறுபடி பதித்தாள். கம்பியை முறுக்கும் ஆணிக்கு லாரி போல்ட்டு. கம்பி மட்டும் கடையில் வாங்கியது. மொத்தம் மூன்று கம்பிகள். நாலாவதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

மீட்டினால் சத்தம் வந்தது. ஆனால் அந்த அறையில் அது என்ன எடுபடும்? கீழே ஒரு லாரி கியர் மாற்றினால் போதும், எல்லாம் காணாமல் போய்விடும். டின்னில் காதை ஒட்டவைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தாள். கழுவியும் போகாத எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

"ச்சீ. இதுக்கு ஒரு ஆம்ப்ளி வேணும்யா."

"கண்ணாலத்துக்கு வெக்கற மாதிரியா?"

"அம்மாம் பெர்சு இல்ல. இந்த ரூமுக்கு. ரோட்டுக்குக் கேட்டாலும் கேக்கட்டும்."

திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் காஜா மொய்தீன் என்று ஒருவர் பழைய டிவி, டெக், ஹோம் தியேட்டர் எல்லாம் பிரித்துப் போட்டுக் கடை வைத்திருந்தார். சிடுசிடுத்த ஆள். செங்கொடி போனபோது முதலில் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"பாய், கிட்டாருக்கு ஆம்ப்ளி செய்யணும். இன்னா வாங்கணும்?"

"கடையில ரெடிமேடா விக்குதே, வாங்கிக்க வேண்டியதுதான."

"கிட்டாரே நான் செஞ்சதுதான்."

அப்போதுதான் நிமிர்ந்தார். சத்தத்தைப் பெருக்கும் ஒரு சின்ன ஆம்ப்ளி போர்டையும், செத்துப்போன டிவியிலிருந்து கழற்றிய ஒரு ஸ்பீக்கரையும் எடுத்துப் போட்டார். அலாரம் கடிகாரத்துக்குள் இருக்குமே, சத்தம் போடும் மெல்லிய பித்தளைத் தட்டு, அதிலும் ஒன்று கொடுத்தார். "இத டின்னுக்கு உள்ள ஒட்டிக்க. அதிர்வ இது புடிக்கும். ஸ்கூட்டர் பேட்ரில ஓடும். ராங்கா ஒயர் குடுத்தின்னா போர்டு பூடும், அப்பால என்னாண்ட வராத."

ராங்காகத்தான் கொடுத்தாள். போனில் ஒருவன் விளக்கிக்கொண்டிருந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்து, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தாள். பேட்டரியின் இரண்டு ஒயர்களையும் மாற்றி வைத்ததில் போர்டு மேல் ஒரு நூல் புகை எழும்பியது. மீன் எரிந்தாற்போலவும் பிளாஸ்டிக் எரிந்தாற்போலவும் ஒரு நாற்றம். குழம்பு, துணி, தலையணை எல்லாவற்றிலும் அது ஏறிக்கொண்டது. சின்னப்பையன் இரண்டு நாள் வெளியில் சாப்பிட்டான். காஜா மொய்தீனிடம் மறுபடி போய் நின்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டே இன்னொரு போர்டைக் கொடுத்தார்.

அந்த போர்டு உயிர் பெற்றது. ஆனால் வந்த சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கே முகம் சுளித்தது. கொசு ஒன்று தகரக் குழாய்க்குள் மாட்டிக்கொண்டு கத்துகிற மாதிரி இருந்தது. கூடவே விடாத ஓர் இரைச்சல். கம்பியில் கை வைத்தால் இரைச்சல் அடங்கும். கையை எடுத்தால் ஊளையிடும். ஒருநாள் அதற்குள்ளிருந்து யாரோ வாக்கி டாக்கியில் "கேட்டாண்ட வண்டிய நிறுத்தாத" என்று பேசுகிற குரல் வந்தது. சின்னப்பையன் பயந்துபோய்ப் பேட்டரியைப் பிடுங்கிவிட்டான்.

"உன் கையி எர்த்து மாதிரி வேல செய்யுது," என்றார் காஜா மொய்தீன். "கம்பி நிக்கற இரும்புலேர்ந்து ஒரு ஒயர இஸ்துகினு போய் போர்டு எர்த்துல வெச்சுப் பத்தவையி. பித்தளத் தட்டோட சத்தம் ரொம்ப நோஞ்சான். நடுவுல இந்தக் குட்டி போர்டையும் போடு. நோஞ்சான நிமித்தி உடும்."

அப்படியே செய்தாள். இரைச்சல் முழுக்கப் போகவில்லை, பதுங்கிக்கொண்டது. பழைய ஆபீஸ் மேஜையின் இழுப்பறை ஒன்றைப் பெட்டியாக்கி, ஸ்பீக்கரை அதில் பொருத்தி, மூன்று கம்பிகளையும் ஒன்றாக இழுத்துவிட்டாள். பெட்டி உறுமியது. அழகான சத்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கரகரவென்று, தொண்டையில் சளி கட்டிய ஒருவன் அடிவயிற்றிலிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. கீழே லாரி ஒன்று கியர் மாற்றியது. அந்தச் சத்தத்துக்கு மேலே இந்தச் சத்தம் நின்றது. செங்கொடி "ச்சீ" என்று சொல்லவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

சின்னப்பையனுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தேய்த்து, பட்டி பார்த்து, லாரிக்கு அடிக்கும் நல்ல நீலத்தில் இரண்டு கோட் அடித்தான். ஓரம் முழுக்க வெள்ளைக் கோடு, முன்பக்கம் ஸ்பீக்கரைச் சுற்றி மஞ்சள் இதழ்களோடு ஒரு தாமரை. கீழே வளைந்த எழுத்தில் அவள் பெயர். முதலாளிகளின் லாரிகளுக்கெல்லாம் எழுதிக் கொடுத்த கை, தன் வீட்டுச் சாமானுக்கு எழுதியது அதுதான் முதல் முறை. அவள் வாசிப்பதை வீடியோ எடுத்துப் போட்டதும் அவன்தான்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மகிழினி என்ற பெண் போன் செய்தாள். விழா நடத்திக் கொடுக்கும் நிறுவனத்தில் இருக்கிறாளாம். ஒரு பெரிய கம்பெனி சுற்றுச்சூழல் தினத்துக்கு நிகழ்ச்சி வைக்கிறது, கழிவிலிருந்து கலை என்று தலைப்பு, நீங்கள்தான் அதன் முகம் என்றாள். பேச்சு இனிமையாக இருந்தது. செங்கொடி யோசித்தாள். சின்னப்பையன் யோசிக்கவே இல்லை; புதுச் சட்டை எடுத்துவிட்டான்.

எண்ணூர்க் கடற்கரைப் பக்கம் பந்தல். செங்கொடி கரும்பச்சைப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, தலைக்குக் குளித்து, பூ வைத்துப் போயிருந்தாள். மேடையில் பின்னணிக்காகக் குப்பை குவித்திருந்தார்கள். அருகில் போய்த் தொட்டுப் பார்த்தாள். கேன்கள், பாட்டில்கள், டின்கள் எல்லாம் பளிச்சென்று கழுவியவை. ஒருவன் அவற்றின் மேல் மல்லிகை வாசனை ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தான். டின்னில் இருந்த லேபிளும் மேடைக்கு மேலே தொங்கிய பேனரில் இருந்த கம்பெனிச் சின்னமும் ஒன்றுதான். நாள்தோறும் அவள் நகத்தால் சுரண்டுகிற லேபிள். அதே சிவப்பு வட்டம், அதே இலை. அவளுக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது, குமட்டலுக்கு முன்னால் ஊறுமே அது.

மகிழினி வந்தாள். நல்ல பெண்தான், தண்ணீர் பாட்டில் கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். பிறகு நீலப் பெட்டியைப் பார்த்து உதட்டைக் கடித்தாள்.

"அக்கா, வீடியோவுல இது இவ்ளோ புதுசா தெரியலையே."

"எங்க வூட்டுக்காரர் அடிச்ச பெயின்ட்."

"சூப்பரா இருக்குக்கா. ஆனா தீம் கழிவு இல்லையா? இது கடையில வாங்கின மாதிரி இருக்கு. பாக்கறவங்க நம்ப மாட்டாங்க. கொஞ்சம் டச் பண்ணிக்கறோம்."

செங்கொடிக்குப் புரிவதற்குள் இரண்டு பையன்கள் பெட்டியைத் தூக்கிப் போய்விட்டார்கள். உப்புத் தாள் வைத்து வெள்ளைக் கோட்டைத் தேய்த்தார்கள். தாமரையின் பாதி போயிற்று. ஒருவன் ஜெனரேட்டர் வண்டியிலிருந்து கிரீஸையும் கறுத்த எண்ணெயையும் ஒரு மூடியில் எடுத்து வந்து, துணியால் ஒற்றி ஒற்றிப் பெட்டி முழுக்கப் பூசினான். அவள் பெயர் மேலும் பூசினான். ரசித்துச் செய்தான், இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்து, மறுபடி வந்து ஒற்றினான்.

சின்னப்பையன் புதுச் சட்டையோடு பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு வார்த்தை பேசவில்லை. செங்கொடியும் பேசவில்லை. நாள் முழுக்க அவள் கழுவுகிற அதே கசடு அது. அதைப் பூசவும் ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள் என்பதை அவளால் முதலில் நம்பவே முடியவில்லை.

"புடவையும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்த மகிழினி அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரி, புடவை இருக்கட்டும்க்கா. இன்னொண்ணு. உங்க பெட்டி வீடியோவுலயே ரொம்ப இரையுதுன்னு நம்ம சவுண்டு ஆளுங்க சொல்லிட்டாங்க. அதனால ஸ்டுடியோவுல ஒருத்தர வெச்சு ஒரு பீஸ் ரெக்கார்டு பண்ணிட்டோம். அது ஓடும். நீங்க சும்மா வாசிக்கற மாதிரி கைய அசைச்சா போதும்."

"அப்போ என் பெட்டி?"

"பக்கத்துல இருக்கும்க்கா. லுக்குக்கு."

எழுந்து வந்திருக்கலாம். பிற்பாடு எத்தனையோ முறை அவள் அப்படி நினைத்துக்கொண்டாள். ஆனால் பந்தல் நிறைய ஜனம். பேனர் கட்டியாயிற்று, அவள் பெயரும் அதில் இருந்தது. அழைத்ததும் கால் தானாக மேடை ஏறிவிட்டது.

பாட்டு ஓடியது. தேன் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற ஒரு கிட்டார். ஆறு கம்பி கிட்டார் என்பது எந்தக் காதுக்கும் தெரியும். மூன்று கம்பியில் கையை அசைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் பேட்டரிகூட இல்லை. அறிவிப்பாளர், குப்பையிலிருந்து எழுந்த குரல் என்றார். ஜனம் கைதட்டியது. தட்டுவது எதற்கு என்று பார்த்தாள். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் செங்கொடிக்குத் தன் கைவிரல்கள் யாரோ ஒருவருடையவை போலத் தோன்றின. பழக்கப்பட்ட எண்ணெய் வாடை அன்று அவற்றில் இல்லை. மல்லிகை ஸ்ப்ரேதான் அடித்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

இறங்கியதும் பந்தலுக்குப் பின்னால் போய் மணலில் வாந்தி எடுத்தாள். காலையில் கொடுத்த ஆரஞ்சு ஜூஸ் அப்படியே வந்தது. சின்னப்பையன் முதுகைத் தடவினான்.

"வுடுமே. வூட்டுக்குப் போலாம்."

"நீ ஏன்யா ஒண்ணும் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்."

"நானும் அதத்தான் பாத்துகினு இருந்தேன்."

மகிழினி தேடிக்கொண்டு வந்தாள். எல்லாருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டதாம். கிட்டாரையும் பெட்டியையும் கம்பெனியின் வரவேற்பறையில் கண்ணாடிக் கூண்டில் வைக்க விரும்புகிறார்களாம்.

"கூண்டுல வெச்சு?" என்றாள் செங்கொடி.

"வர்றவங்க எல்லாரும் பாப்பாங்கக்கா. உங்களுக்குப் பெருமைதானே."

"பாக்கறதுக்கு நான் இத செய்யலம்மா." வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "கேக்கறதுக்கு செஞ்சேன். நீங்க ஒருத்தர்கூட இன்னும் கேக்கல. எடுய்யா வண்டிய."

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஷெட்டில் கூட வேலை செய்யும் பெண்கள் போனை நீட்டி நீட்டிக் காட்டினார்கள். என்ன ஒரு வாசிப்பு, இவ்வளவு நாள் எங்களிடம் காட்டவே இல்லையே என்று பிடித்துக்கொண்டார்கள். அது நான் வாசித்தது இல்லை என்று சொன்னாள். அடக்கமாகப் பேசுகிறாள் என்று சிரித்தார்கள். சரி, கேட்கட்டும் என்று ஒருநாள் சாப்பாட்டு வேளையில் கிட்டாரையும் பெட்டியையும் கொண்டுபோய் டிரம்களுக்கு நடுவில் வைத்து, நிஜமாக வாசித்தாள். கரகரப்பும் இரைச்சலும் தகரக் கூரையில் மோதித் திரும்பின. பெண்கள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"இது அந்தப் பாட்டு இல்லியே," என்றாள் பவானி. அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். "அன்னிக்கி எம்மா இனிப்பா இருந்துச்சு. இது இன்னாவோ வயித்தக் கலக்குதுடி."

"அன்னிக்கி நான் வாசிக்கல பவானி. இதான் நான்."

"அப்போ அதயே வாசியேன். ஏன் இத வாசிக்கற?"

செங்கொடி ஒயரைச் சுருட்டினாள். கூண்டில் வைக்கக் கேட்டவர்கள் சொன்னதைவிட இவள் சொன்னதுதான் அதிகமாக உறுத்தியது. ஆனாலும் ஒன்று தோன்றியது: வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லவாவது இவள் காது கொடுத்துக் கேட்டாள்.

பெட்டியின் மேல் பூசிய கிரீஸ் சுலபத்தில் போகவில்லை. காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் கிரீஸோடு நீலமும் சேர்ந்து வந்தது. அதைவிட மோசம், கறுத்த எண்ணெய் ஸ்பீக்கரின் காகிதக் கூம்புக்குள் இறங்கி அதை ஊறவைத்திருந்தது. ஒரு வாரத்துக்குள் சத்தம் மந்தமாகி, ஈரத் துணியைத் தட்டுகிற மாதிரி ஆனது. காஜா மொய்தீன் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை முகர்ந்தார்.

"இன்னாமா இது, ஸ்பீக்கருக்குப் போய் யாரு ஆயில் உட்டது?"

"படிச்சவங்க."

அவர் எழுந்துபோய்ப் பழைய சாமான்களைத் துழாவினார். அதே அளவில் ஸ்பீக்கர் இல்லை. கார் ஒன்றின் கதவிலிருந்து கழற்றிய நீள்வட்ட ஸ்பீக்கர்தான் இருந்தது. அதைப் பொருத்த இழுப்பறையின் முன்பலகையையே மாற்ற வேண்டியதாயிற்று. தாமரையின் மிச்சமும் அதோடு போனது. சின்னப்பையன் புதுப் பலகைக்கு நீலம் அடித்தான். மறுபடி பூ எழுதட்டுமா என்று கேட்டான். வேண்டாம், பெயர் மட்டும் எழுது, கொஞ்சம் பெரிதாக எழுது என்றாள்.

புது ஸ்பீக்கரின் குரல் பழையதைவிடக் கனம். அவளுக்கு அது முழுக்கப் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. மேல்ஸ்தாயியில் ஒரு கீச்சு இருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேலை முடிந்து வந்து, கையைத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து, முகம் சுளித்து, பிறகு ஜன்னலோரம் பெட்டியை வைத்து உட்காருவாள். அந்த நேரத்துக்கு நெடுஞ்சாலையில் லாரிகள் அசையாமல் நிற்கும். இவள் மூன்று கம்பிகளையும் சேர்த்து இழுப்பாள்.

போன வாரம் ஒரு டிரைவர் வண்டியிலிருந்து தலையை நீட்டி மேலே பார்த்தார்.

"இன்னா யக்கா அது, மோட்டர் ரிப்பேரா?"

"ஆமா நைனா," என்றாள் செங்கொடி. "இன்னும் சரியாவல."

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். வரிசை நகருவதாக இல்லை. செங்கொடி வால்யூமைத் திருகிக் கூட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.